தெருவில் துப்பாக்கிச் சண்டையைத் தடுக்கும் அமைப்புக்கு அமெரிக்க அரசுப் பணம் வாங்குவது எப்படி

சிகாகோவில் தொற்றுநோய் மருத்துவர் கேரி ஸ்லட்கின் 2000-ல் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் பகுதியில் ‘சீஸ்ஃபயர்’ திட்டத்தைத் தொடங்கினார். ஊர்க்காரர்களையே வேலைக்கு எடுத்து, சண்டை முற்றுவதற்குள் இரு தரப்பையும் பேசி நிறுத்த வைப்பதுதான் அதன் வேலை. 2015-ல் இல்லினாய் மாநில பட்ஜெட் இழுபறியில் அதற்கு மாநிலம் தந்துவந்த பணம் நின்றது. அதன் பெரும்பாலான மையங்கள் மூடப்பட்டன, பணியாளர்கள் கலைந்தார்கள். இந்தத் துறையில் பணம் தேடும் எவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது. இங்கே திட்டம் என்பது கட்டடமோ கணினியோ இல்லை. தெருவில் நாலு பேருக்குத் தெரிந்த, நம்பிக்கை சம்பாதித்த நாலைந்து மனிதர்கள். இரண்டு மாதச் சம்பளம் தவறினால் அவர்கள் போய்விடுவார்கள். ஆறு மாதம் கழித்துப் பணம் வந்தாலும் அந்த நம்பிக்கை திரும்ப வராது. ஆகவே எந்த மானியத்தைப் பார்த்தாலும் ‘எவ்வளவு கிடைக்கும்’ என்பதோடு ‘எந்தத் தேதியில் கையில் வரும்’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எந்தப் பானையில் பணம் இருக்கிறது

மத்திய அரசில் இதற்கென்றே உள்ளது நீதித்துறையின் (நீதிமன்றங்கள் இல்லை, ‘டிபார்ட்மெண்ட் ஆஃப் ஜஸ்டிஸ்’ என்ற அரசுத் துறை) சமூக வன்முறைத் தடுப்பு மானியம். 2022-ல் நிறைவேறிய இருகட்சிப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு ஐந்தாண்டுகளில் 25 கோடி டாலர் ஒதுக்கியது, அதாவது ஆண்டுக்கு 5 கோடி. நாடு முழுவதும் போட்டி என்பதால் கிடைப்பது அரிது. யார் விண்ணப்பிக்கலாம் என்ற விதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு வருடம் தொண்டு நிறுவனமே நேரடியாகக் கேட்கலாம். இன்னொரு வருடம் நகராட்சியோ கவுண்ட்டி என்ற மாவட்ட நிர்வாகமோதான் கேட்க முடியும், நீங்கள் அவர்களுக்குக் கீழே துணை மானியம் பெறுபவராக வர வேண்டும். அறிவிப்பில் தகுதிப் பக்கத்தைப் படிக்காமல் எழுத உட்காராதீர்கள்.

ஜே.ஏ.ஜி. என்று சொல்லப்படும் பர்ன் நீதி உதவி மானியத்துக்கு இந்தப் போட்டி கிடையாது. அது சூத்திரப்படி மாநிலங்களுக்குப் போகிறது. மாநிலத்தில் அதை நிர்வகிக்க ஓர் அலுவலகம் இருக்கும். அதன் ஆலோசனைக் குழு எப்போது கூடுகிறது, அடுத்த அறிவிப்பு எந்த மாதம் என்று அங்கே கேளுங்கள். பெரும்பகுதி போலீஸுக்கும் நீதிமன்றத்துக்கும் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் கேட்காதவர்களுக்கு ஒன்றுமே வராது.

குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான நிதி வேறு வகை. 1984 சட்டத்தில் உருவானது. வரிப்பணம் இல்லை, மத்திய நீதிமன்றங்களில் வசூலாகும் அபராதம். இதில் ‘தடுப்பு’ என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள், ‘பாதிக்கப்பட்டவருக்கு நேரடிச் சேவை’ என்றிருக்க வேண்டும். சுடப்பட்டு மருத்துவமனைக்கு வரும் இளைஞனின் படுக்கையருகே போய் உட்கார்ந்து, பழிவாங்கலைத் தடுத்து, வீட்டுக்கும் வேலைக்கும் வழி செய்யும் மருத்துவமனை சார்ந்த திட்டங்கள் இதில் கச்சிதமாகப் பொருந்தும். பொதுவாக 20 சதவீதம் உங்கள் பங்கு காட்ட வேண்டும். தன்னார்வலர் நேரத்தையும் அதில் கணக்கில் எடுக்கலாம். 2021-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு விலக்கும் கேட்கலாம்.

மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வழியை கனெக்டிகட்டும் இல்லினாயும் 2021-ல் திறந்தன; வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. தடுப்புச் சேவை என்ற பிரிவில் இது வருகிறது. மருத்துவரோ உரிமம் பெற்ற வேறு சிகிச்சையாளரோ அந்தச் சேவையைப் பரிந்துரைத்திருக்க வேண்டும், பணியாளருக்கு மாநிலம் கேட்கும் சான்றிதழ் இருக்க வேண்டும், அமைப்பு சேவை வழங்குநராகப் பதிவாகியிருக்க வேண்டும். நிலையான பணம் என்று ஆசை காட்டுவார்கள். பில் போடத் தெரிந்த ஒரு ஆள் இல்லாத சிறிய அமைப்புக்கு இது தலைவலி. மருத்துவமனையையே பில் போடச் சொல்லி, அவர்களோடு ஒப்பந்தத்தில் வேலை செய்வது நல்லது. ஒரே மணி நேரத்தை மெடிக்கெய்டுக்கும் மானியத்துக்கும் எழுதிவிடாதீர்கள். அது இரட்டைப் பில், மோசடி வழக்கு வரை போகும்.

நம்பி நடக்கக்கூடியது மாநிலமும் நகரமும் தரும் பணம். கலிஃபோர்னியா 2023-ல் சட்டம் போட்டு, 2024 ஜூலை 1 முதல் துப்பாக்கி, தோட்டா விற்பனை மீது 11 சதவீதம் வரி விதித்தது. அதில் ஆண்டுக்கு முதல் 7.5 கோடி டாலர் ‘கால்விப்’ என்ற வன்முறைத் தடுப்பு மானியத்துக்கு. ஓக்லாந்து வாக்காளர்கள் 2004, 2014, 2024 என்று மூன்று முறை வாக்களித்துச் சொத்து, வாகன நிறுத்தக் கட்டண வரிகளை இதற்காக ஏற்றார்கள். சட்டத்தில் எழுதப்பட்ட வரிப்பங்கு, அமைச்சர் மாறினால் மறையும் ஒதுக்கீட்டை விட உறுதியானது. மாறாக, கொரோனா நிவாரணப் பணத்தில் தொடங்கிய திட்டங்களைப் பாருங்கள். அது 2024 டிசம்பர் 31-க்குள் ஒப்பந்தமாகி, 2026 டிசம்பர் 31-க்குள் செலவாக வேண்டிய ஒருமுறைப் பணம். அதை வைத்து நிரந்தர ஆட்களை எடுத்த நகரங்கள் இன்று கையைப் பிசைகின்றன.

ஒரே மூலத்திலிருந்து வரும் பணம் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் கணக்கு. முதல் ஆண்டில் இது நடக்காது. மூன்றாம் ஆண்டுக்குள் நடக்க வேண்டும்.

அறிவிப்பு வருவதற்கு முன்பே

விண்ணப்பம் எழுதத் தெரியாமல் மட்டுமில்லை, பதிவு முடியாமலும் பலர் தோற்கிறார்கள். மத்திய அரசுப் பணம் பெறுபவர்கள் பதிவு செய்யும் சாம் டாட் கவ் தளத்தில் பதிந்து, 12 எழுத்துள்ள யூ.இ.ஐ. என்ற அடையாள எண் வாங்க வேண்டும். இது இலவசம், ‘உங்கள் பதிவு காலாவதியாகிறது, 600 டாலர் கட்டுங்கள்’ என்கிற மாதிரி வரும் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள். வரித்துறைக் கடிதத்தில் அமைப்பின் பெயர் எப்படி இருக்கிறதோ, புள்ளி, காற்புள்ளி உட்பட அப்படியே இருக்க வேண்டும். ‘இங்க்’ என்பது ஒன்றில் இருந்து மற்றதில் இல்லை என்றாலே சரிபார்ப்பில் மாட்டி வாரக்கணக்கில் நிற்கும். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நடுவில் காலாவதியானால் கையிலிருக்கும் மானியத்தின் பணமும் நின்றுவிடும். ஆகவே காலண்டரில் காலாவதிக்கு 60 நாள் முன்பே குறித்து வையுங்கள்.

இன்னொரு பொறி: பதிவில் மின்வணிகத் தொடர்பாளர் என்று ஒருவர் பெயர் இருக்கும். மத்திய மானியங்களுக்கு விண்ணப்பிக்கும் கிராண்ட்ஸ் டாட் கவ் தளத்தில் யார் கையொப்பமிடலாம் என்று அனுமதி தருபவர் அவர்தான். அவர் போன வருடம் வேலையை விட்டுப் போயிருப்பார், அவருடைய பழைய மின்னஞ்சலுக்குத்தான் அனுமதிக் கோரிக்கை போய்க்கொண்டிருக்கும். இன்றே பாருங்கள்.

நீதித்துறை மானியங்களுக்குக் கெடு இரண்டு. முதலில் எஸ்.எஃப்-424 என்ற விண்ணப்ப முகப்புப் படிவம் கிராண்ட்ஸ் டாட் கவ் வழியாகப் போக வேண்டும். சில நாள் கழித்து முழு விண்ணப்பம் நீதித்துறையின் சொந்த ஜஸ்ட்கிராண்ட்ஸ் தளத்தில். முதல் கெடு தவறினால் இரண்டாவது கதவு திறக்காது. பலர் இரண்டாவது தேதியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்து ஏமாறுகிறார்கள். தளம் கோளாறு செய்தால் அதே நேரத்தில் உதவி மையத்தை அழைத்துக் குறிப்பு எண் வாங்கி, கெடு முடிந்த 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எண் இல்லாத புகாரை யாரும் கேட்க மாட்டார்கள்.

501(சி)(3) என்ற வரிவிலக்குத் தொண்டு நிறுவனத் தகுதி இல்லாத புதிய குழு என்றால், தகுதியுள்ள ஒரு பெரிய அமைப்பின் கீழ் இயங்கலாம். கணக்கும் சம்பளமும் அவர்கள் பார்ப்பார்கள், மானியத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொள்வார்கள். எத்தனை நாளில் பணம் தருவார்கள் என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

என்ன எழுத வேண்டும், எதை வாக்களிக்கக் கூடாது

விண்ணப்பத்தைப் படிப்பவர் தேடுவது ‘இளைஞர்களுக்கு எதிர்காலம்’ என்ற வாசகத்தை இல்லை. எந்தத் தெருக்கள், கடந்த 18 முதல் 24 மாதங்களில் அங்கே நடந்த துப்பாக்கிச் சூடுகள் எத்தனை, பெரும்பாலும் எந்த வயதினர், தகராறின் வேர் கடனா, இணையத்தில் வந்த ஏச்சா, பழைய பழியா என்பதைத்தான். பல நகரங்களில் கொலைகளில் சிக்கும் ஆண்களின் சராசரி வயது இருபதுகளின் பிற்பகுதியில் இருக்கிறது. அப்படியிருக்க, பள்ளி மாணவர்களுக்கான கூடைப்பந்துத் திட்டத்தை எழுதினால் மதிப்பெண் போய்விடும். கூடைப்பந்து கெட்டது என்று சொல்லவில்லை. அதற்கு வேறு நிதி இருக்கிறது.

‘கொலைகளை 30 சதவீதம் குறைப்போம்’ என்று எழுதவே எழுதாதீர்கள். ஒரு சின்னப் பகுதியில் ஆண்டுக்கு ஏழு கொலை நடக்கும். அடுத்த ஆண்டு ஐந்தோ ஒன்பதோ ஆகலாம், உங்கள் வேலைக்கு அதில் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். ஒன்பதாகிவிட்டால் உங்கள் சொந்த வாக்குறுதியை வைத்தே உங்களை மூடுவார்கள். உங்கள் கையில் இருப்பதை மட்டும் வாக்களியுங்கள்: வாரத்தில் எத்தனை இரவு தெருவில் ஆள் இருக்கும், சூடு நடந்தபின் எத்தனை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்வீர்கள், அதிக ஆபத்தில் இருக்கும் எத்தனை பேரைத் தொடர்ந்து சந்திப்பீர்கள். அவர்களைத் தொடர்ந்து சந்திக்கும் பின்தொடர் பணியாளர் ஒருவருக்குச் சுமார் 15 பேர் என்பது தாங்கும் அளவு. கொலைப் புள்ளிவிவரத்தை ‘கவனித்து வருவோம்’ என்ற இடத்தில் வையுங்கள்.

பட்ஜெட்

மாதிரிக்கு ஒரு பகுதி, ஓராண்டு. தெருப் பணியாளர் நால்வர், தலைக்கு 50,000 டாலர். மேற்பார்வையாளர் ஒருவர் 65,000. பின்தொடர் பணியாளர் இருவர், தலைக்கு 52,000. சம்பளம் 369,000, காப்பீடு, வரி போன்றவை 25 சதவீதம் என்றால் 92,250. ஆக ஆட்செலவு மட்டும் 461,250. தொலைபேசி, வண்டி 20,000. பயிற்சி 12,000. பங்கேற்பாளர்களுக்கு உதவித்தொகை, பயணப்படி 24,000. மதிப்பீட்டுக்காக ஒரு பல்கலைக்கழகத்துக்குத் துணை மானியம் 60,000. நேரடிச் செலவு மொத்தம் 577,250.

இனி நிர்வாகச் செலவு. அரசோடு பேசி முடித்த விகிதம் இல்லாத அமைப்புகள் 2024 அக்டோபர் முதல் 15 சதவீதம் வரை எடுக்கலாம்; முன்பு 10. ஆனால் மொத்தத்தின் மீது எடுக்கக் கூடாது. பங்கேற்பாளர் உதவியைக் கழிக்க வேண்டும், துணை மானியத்தில் முதல் 50,000-க்கு மேல் உள்ளதையும் கழிக்க வேண்டும். அதாவது 577,250-லிருந்து 24,000-ம் 10,000-ம் போக 543,250. அதில் 15 சதவீதம் 81,487.50. கழிக்காமல் போட்டால் 5,100 டாலர் அதிகம் வரும். தணிக்கையில் பிடித்தால் திருப்பிக் கட்ட வேண்டியது அந்தத் தொகைதான். நகராட்சிகள் சில சமயம் ‘நாங்கள் 5 சதவீதம்தான் தருவோம்’ என்பார்கள். நகரத்தின் சொந்தப் பணம் என்றால் அவர்கள் இஷ்டம். மத்திய அரசுப் பணம் அவர்கள் வழியாக வருகிறது என்றால், உங்கள் விகிதத்தை அவர்கள் ஏற்கத்தான் வேண்டும். விதியைக் காட்டிக் கேளுங்கள்.

மறந்துபோகும் செலவுகள் எப்போதும் இதே சிலதான். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்து ஓடும் பணியாளருக்கு மணிக்கணக்குச் சம்பளம் என்றால், வாரம் 40 மணியைத் தாண்டிய நேரத்துக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும். கோடைக்காலத்தில் இது பட்ஜெட்டைக் கிழிக்கும். பணியாளர்களுக்கு மனநல ஆலோசனை வேண்டும், ஏனென்றால் அவர்கள் புதைப்பது பெரும்பாலும் தெரிந்தவர்களை. ஆயுள் காப்பீடும் சேருங்கள். சாப்பாட்டுச் செலவை நீதித்துறை மானியத்தில் போடாதீர்கள், பொதுவாக அனுமதி இல்லை. இறுதிச் சடங்குக்கு அவசர உதவி, சமாதானப் பேச்சுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போன்றவற்றுக்கு நிபந்தனையில்லாத தனியார் நன்கொடை கொஞ்சம் தனியாக வைத்திருங்கள்.

கைப்பணம்

நகரமும் மாநிலமும் தரும் பணம் பெரும்பாலும் செலவு செய்துவிட்டு ரசீது காட்டித் திரும்பப் பெறுவது. காலாண்டுக்கு ஒருமுறை பில், அதன்பின் 60 நாளில் காசோலை என்று வைத்துக்கொண்டால், முதல் பணம் வருவதற்குள் ஐந்து மாதம் ஓடிவிடும். மேலே சொன்ன பட்ஜெட்டில் மாத ஆட்செலவு 38,437 டாலர்; ஐந்து மாதத்துக்கு 1 லட்சத்து 92 ஆயிரம் டாலர் சொந்தக் கையிலிருந்து போட வேண்டும். எத்தனை சிறிய அமைப்பிடம் இது இருக்கும்?

கையெழுத்துக்கு முன்பு பேச வேண்டியது இதைத்தான். மாதாமாதம் பில் என்று மாற்றச் சொல்லுங்கள். ஐந்து மாதம் மூன்றாகும். ஆண்டுத் தொகையில் ஒரு பங்கை முன்பணமாகக் கேளுங்கள். மறுத்தால், எங்கெல்லாம் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கட்டட ஒப்பந்தக்காரர்களுக்குப் பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள். வங்கிக் கடன் வரம்பு ஒன்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். அதன் வட்டியை வேறு பணத்தில் கட்டுங்கள். மானியத்தில் போட முயலாதீர்கள்.

நேரடி நீதித்துறை மானியத்தில் நிலைமை கொஞ்சம் மேல். முன்கூட்டியே பணம் எடுக்கலாம், ஆனால் எடுத்த 10 நாளுக்குள் செலவாகிவிட வேண்டும். சம்பளத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு எடுப்பதே சரியான பழக்கம். எடுக்காமல் சேர்த்து வைப்பதும் ஆபத்து. 2025 ஏப்ரலில் நீதித்துறை நூற்றுக்கணக்கான மானியங்களை ஒரே மூச்சில் ரத்து செய்தது; சமூக வன்முறைத் தடுப்புத் திட்டங்கள் பலவும் அதில் போயின. ‘துறையின் முன்னுரிமைக்கு இனிப் பொருந்தவில்லை’ என்பதுதான் காரணம். மேல்முறையீட்டுக்கு 30 நாள். ரத்துத் தேதிக்குப் பின் ஆகும் செலவு உங்கள் தலையில். ஆகவே செய்த செலவுக்கான பணத்தை மாதம் இருமுறை எடுத்துவிடுங்கள், காலாண்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகள்

ஒன்று, பெயர்கள். நகரம் ‘பங்கேற்பாளர் பட்டியல்’ கேட்கும். கொடுத்தால் அது பொது ஆவணமாகலாம், போலீஸ் கைக்கும் போகலாம். தெருவில் அந்தச் செய்தி பரவிய அன்றே உங்கள் வேலை முடிந்தது. ‘தொகுத்த எண்ணிக்கை மட்டுமே தரப்படும், தனிநபர் அடையாளம் தரப்படாது’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தணிக்கையாளருக்கு ஆவணம் காட்ட வேண்டி வந்தால், உங்கள் அலுவலகத்திலேயே, குறியீட்டு எண்ணோடு.

இரண்டு, பணியாளர் பின்னணி. இந்த வேலைக்குப் பொருத்தமானவர்களில் பலர் சிறை சென்று வந்தவர்கள். நகரத்தின் பொதுவான பின்னணிச் சோதனை விதியை அப்படியே ஏற்றால் ஒருவரையும் எடுக்க முடியாது. தனித்தனியாக ஆராய்ந்து முடிவெடுக்கும் நடைமுறையைக் கேட்டு வாங்குங்கள். சிறார்களோடு பழகும் வேலை என்றால் நீதித்துறை மானியத்தில் கட்டாயச் சோதனையும் எழுத்து மூலத் தீர்மானமும் உண்டு. அதில் தளர்வு கேட்க வேண்டாம், கிடைக்காது, கேட்கவும் கூடாது.

மூன்று, முன்னறிவிப்பு. நிறுத்துவதென்றால் 60 நாள் முன்பே சொல்ல வேண்டும், அதுவரையான செலவைத் தர வேண்டும்.

பதிவேடு

தெருப் பணியாளர் வேலை முடிந்ததும் தொலைபேசியிலேயே ஐந்து நிமிடத்தில் நிரப்பும் அளவில் இருக்க வேண்டும். தேதி, வேலை நேரம், பகுதி, தகராறின் வகை, சம்பந்தப்பட்டவர் எண்ணிக்கை, ஆயுதப் பேச்சு வந்ததா, முடிவு: தீர்ந்தது, தற்காலிகமாக அடங்கியது, தொடர்கிறது. அவ்வளவுதான். ‘குட்டை முடி, சிவப்பு ஹூண்டாய்’ மாதிரி விவரம் எழுதினால் பெயர் எழுதாமலே ஆளைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். மேற்பார்வையாளர் வாரம் ஒருமுறை பதிவுகளைப் பார்த்து, அப்படிப்பட்ட விவரத்தை மட்டும் அழிக்க வேண்டும்.

தணிக்கையில் அடிக்கடி விழும் இடம் நேரப் பதிவேடு. ஒருவருக்கு இரண்டு மானியத்திலிருந்து சம்பளம் என்றால், பட்ஜெட்டில் பாதி பாதி என்றிருப்பதால் பதிவேட்டிலும் வாராவாரம் 20, 20 என்று எழுதிவிடுகிறார்கள். விதி கேட்பது உண்மையில் உழைத்த நேரம். எல்லா வாரமும் ஒரே எண் இருந்தாலே தணிக்கையாளர் சந்தேகப்படுவார். உதவித்தொகை கொடுக்கும்போது தேதி, தொகை, காரணம், பெற்றவர் கையொப்பம், கொடுத்தவர் தவிர இன்னொருவர் கையொப்பம் வேண்டும். பரிசு அட்டைகளைப் பூட்டில் வைத்து, வரிசை எண்ணோடு கணக்கு எழுதுங்கள்.

நிதி அறிக்கை எஸ்.எஃப்-425, காலாண்டு முடிந்து 30 நாளுக்குள். தாமதமானால் பணம் எடுக்கும் வசதி தானாகப் பூட்டிக்கொள்ளும். எல்லா மத்திய மானியமும் சேர்த்து ஆண்டுச் செலவு 10 லட்சம் டாலரை எட்டினால் ‘சிங்கிள் ஆடிட்’ என்ற தணிக்கை கட்டாயம்; 2024 அக்டோபர் 1-க்கு முன் தொடங்கிய நிதியாண்டுகளுக்கு அந்த வரம்பு 7.5 லட்சம். நகரம் வழியாக வந்த மத்திய பணமும் இந்தக் கூட்டலில் சேரும். பல அமைப்புகளுக்கு இது தெரிவதே கடிதம் வந்த பிறகுதான். ஆகவே ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் பணத்தின் மூலம் எது, அதன் திட்ட எண் என்ன என்று கேட்டு எழுதி வையுங்கள்.

மானியக் காலம் முடிந்தால் நேரடி மானியத்துக்கு 120 நாளில் இறுதி அறிக்கை, துணை மானியத்துக்குப் பொதுவாக 90 நாள். காலம் முடிவதற்கு முன் செய்த செலவுக்கான பணத்தை இந்த இடைவெளிக்குள் எடுத்துவிட வேண்டும், விட்டால் போனதுதான். இறுதி நிதி அறிக்கை கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு எல்லா ஆவணங்களையும் வைத்திருக்க வேண்டும். பணியாளர் விட்டுப்போகும்போது அவருடைய தொலைபேசியிலிருக்கும் பதிவுகளை வாங்கிக்கொண்ட பிறகே கடைசிச் சம்பளக் கோப்பை மூடுங்கள்.